நெற்றி விளக்கு பறிக்கும் பார்வை

பழவேற்காடு ஏரியில் மார்கழி இரவு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் நீள்கிறது. பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும் இறால் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வந்து இரை தேடும். அதனால் ஏரியை நம்பியிருக்கும் குப்பங்களின் உழைப்பில் பெரும்பங்கு இருட்டுக்குள்ளேயே நடக்கிறது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் தங்கள் முறை வந்தவர்கள் கழி நட்டு வலை கட்டுகிறார்கள். விடிவதற்கு வெகு முன்பே ஃபைபர் படகுகள் முகத்துவாரம் நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. அரிக்கேன் விளக்கு இருந்த இடத்தை இன்று நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. டார்ச் பிடித்துவிட்டது. வெளிச்சம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பக்கத்தில் இருப்பதை அந்த விளக்கு பளிச்சென்று காட்டும். தொலைவில் இருப்பதைக் கண்ணிடமிருந்து பறித்துவிடும். படகிலோ கால்நடையாகவோ இருட்டில் வேகமாகப் போகிறவருக்கு ஆபத்து பெரும்பாலும் தொலைவிலிருந்துதான் வருகிறது.

காரணம் நம் விழித்திரையில் இருக்கிறது. அங்கே இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. சுமார் 60 லட்சம் கூம்புச் செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை; பத்துக் கோடி அளவிலான கோல் செல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. கோல் செல்களின் நுட்பம் வியக்க வைப்பது. 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவரும் நடத்திய சோதனை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஒளித்துகள்களை இந்தச் செல்கள் உள்வாங்கினாலே மனிதருக்கு ஒளி தெரிந்துவிடுகிறது என்று காட்டியது. ஆனால் அந்த நுட்பம் உடனே கைகூடுவதில்லை. கோல் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும். இருட்டில் அது மீண்டும் சேர முப்பது, நாற்பது நிமிடங்கள் ஆகும். அப்படிச் சேர்ந்து முடிந்த கண்ணுக்கு நட்சத்திர ஒளியே ஓரளவு போதும். தொடுவானத்தில் படிந்திருக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளி விளக்குகளின் மங்கலான ஒளியில், நீரில் நட்ட கழிகளும் எதிரே வரும் படகும் கறுப்பு உருவங்களாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் நெற்றி விளக்கோடு ஒரு முறை நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும், அரை மணி நேரம் சேர்த்த பார்வையில் பெரும்பகுதி நொடியில் போய்விடும். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் நீலப் பங்கு மிகுதி. கோல் செல்களுக்கு நீலமும் பச்சையும் கலந்த ஒளியே அதிகம் உறைக்கும் என்பதால் இழப்பும் பெரிது. ஆழ்ந்த சிவப்பு ஒளியைக் கோல் செல்கள் அநேகமாக உணர்வதில்லை. கப்பல் மேல்தளங்களில் இரவில் சிவப்பு விளக்கு வைக்கும் பழக்கம் இந்த உண்மையிலிருந்து வந்ததுதான்.

விளக்கு நெற்றியில் இருப்பது தனிக் கேடு. தை மாத விடியலில் ஏரிமேல் பனிமூட்டம் இறங்கும்போது, கண்ணுக்கு ஒட்டியிருக்கும் விளக்கின் ஒளி நீர்த்திவலைகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். மூட்டமில்லாத இரவிலும் சிக்கல் உண்டு. பார்வையும் ஒளியும் ஒரே திசையில் போவதால் பொருள்களின் நிழல் அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மேடு பள்ளத்தை நாம் அறிவது பெரும்பாலும் நிழலால்தான். நிழல் மறைந்தால் கரையோர மணலில் உள்ள குழி சமதரையாகத் தோன்றும். பிரிட்டனின் குன்றுகளிலும் பொட்டல் மேடுகளிலும் குளிர்கால இரவில் ஓடும் பழக்கம் உள்ளவர்கள், மூட்டம் சூழ்ந்தால் விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒளி கண்ணைவிட்டு விலகுகிறது, தரையில் நிழல் நீளுகிறது, கால் வைக்கும் இடம் தெரிகிறது. பழவேற்காட்டுக்கும் இந்த உத்தி அப்படியே பொருந்தும்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. குப்பத்துப் பாதையில் வெளிச்சமின்றி நடப்பது அறிவீனம். வலையைப் பிரிக்கும்போது கடல் பாம்பும் கெளுத்தி முள்ளும் கையில் படலாம். இரண்டிலும் விளக்கு தேவை, மறுக்கவே முடியாது. ஆனால் இரண்டும் காலடியிலும் கையருகிலும் உள்ள வேலைகள்; தாழ்த்திப் பிடித்த மங்கலான விளக்கே அவற்றுக்குப் போதும். வலை பிரிக்கும் சில நிமிடங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டால், இரு கண்களும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுவதால், மூடிய கண்ணின் பார்வை காப்பாற்றப்படும். விளக்கில்லாத படகுமேல் மற்றது மோதாதா என்பது அடுத்த கேள்வி. நிச்சயமாக மோதலாம். பிறர் நம்மைக் காண்பதற்கான விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஓட்டுபவரின் கண்ணில் படாதபடி உயரத்திலோ மறைப்போடோ அதைப் பொருத்துவது கடினமான வேலையுமில்லை. வயதானவர்களுக்கு இருட்டுப் பார்வை குறையும் என்பதும் உண்மை. இளைஞர் ஒருவர் படகின் முன்னால் அமர்வது அதற்கு வழி. மாலைக்கண் உள்ளவர்களின் கதை வேறு. ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டில் திடீரெனத் தடுமாறத் தொடங்கியவர் பெரிய டார்ச் வாங்குவதற்கு முன் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

விளக்கின்றி மணலில் நடப்பது முடிகிற காரியமா என்று இன்னும் ஐயப்படுபவர்கள் சென்னைக் கடற்கரையைக் கவனிக்கலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் பல கிலோமீட்டர் நடந்து முட்டைக்குழிகளைத் தேடுகிறார்கள். வெளிச்சம் ஆமைகளைக் கலைக்கும் என்பதால் டார்ச் அடிப்பதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். ஆமை ஏறிய தடத்தைக்கூடப் பழகிய கண் மணலில் கண்டுபிடித்துவிடுகிறது. பழவேற்காட்டுக் கடலோரத்திலும் அதே ஆமைகள் கரையேறுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பித் திசைமாறுவதால், விளக்கைத் தணிப்பது அவற்றுக்கும் நன்மை.

மீனவர்களுக்கு விளக்கு வாங்கித் தர நினைக்கும் மீன்வளத் துறையும் தொண்டு நிறுவனங்களும், பெட்டியில் அச்சிட்ட, ஒளியின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணை மட்டும் பார்க்காமல், ஒளியைத் தணிக்கும் வசதியும் சிவப்பு விளக்கும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். இரவில் ஏரிக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே செல்போன் திரையை அணைத்துவிடுங்கள். விளக்கை நெற்றியிலிருந்து இடுப்புக்கு இறக்குங்கள். எதிரே வருபவரின் முகத்தில் அடிக்காதீர்கள்.