கிராஸ் நாய்க்கும் தாய் தகப்பன் உண்டு

தெருத் திண்ணையோரம் சுருண்டு கிடக்கும் செவலை நாயைக் காட்டி, 'கலப்பு நாய்க்கு நோயே வராது' என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. ஒருபக்க மரபணு பழுதானாலும் மறுபக்கம் சரியாக இருந்தால் பல நோய்கள் தலைகாட்டுவதில்லை. ஒரே வம்சத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் இரண்டுமே பழுதாக வாய்க்கும். உதாரணத்துக்கு, ராஜபாளையம் நாயைப் பால்வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும்தான் விலை பேசுகிறார்கள். ரோமத்துக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் வேண்டும். அங்கே அவை இல்லையென்றால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். தூங்கும் குட்டிகளுக்குப் பின்னால் கைதட்டினால் மற்றவை துள்ளி எழும், செவிட்டுக் குட்டி அசையாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியோ இந்தச் சோதனையில் தப்பித்துவிடும்.

அப்படியானால் ராஜபாளையத்தை லாப்ரடாரோடு சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசி, 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட 24 கோளாறுகளில் 10 தூய இனங்களிடம் அதிகம். 13-இல் வித்தியாசமே இல்லை. முழங்கால் நார் அறுவது மட்டும் கலப்பு நாய்களிடம் அதிகம். இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த 13-இல் ஒன்று. ஒரே பழுதை இரு பெற்றோரும் சுமந்தால், இனம் வேறு என்பது குட்டியைக் காப்பாற்றாது. 'தெருநாயை யார் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள்?' என்று கேட்கலாம். நம் கண்ணில் படுவது பிழைத்த நாய். அதனோடு பிறந்து மழையில் நனைந்தும் வண்டியில் அடிபட்டும் செத்த குட்டிகள் கணக்கில் வருவதில்லை. வளர்ப்பவர் அப்படிச் சாகவிட்டுப் பொறுக்கியெடுக்க முடியாது. அவர் முன்கூட்டியே பெற்றோரைத் தேர்ந்தாக வேண்டும்.

கலந்தால் நாட்டு இனமே அழிந்துவிடும் என்ற கவலை நியாயமானது. கண்டபடி கலந்தால் அழியும்தான். ஆனால் டால்மேஷியன் கதை வேறு. அந்த இனம் முழுக்க யூரிக் அமிலக் கோளாறு பரவியிருந்தது. 1973-இல் அமெரிக்காவில் ஒரே ஒருமுறை பாயின்டர் நாயோடு சேர்த்தார்கள். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடு மட்டுமே. புள்ளி போகவில்லை, பழுது மட்டும் போனது. அமெரிக்க கெனல் கிளப் அந்த வம்சத்தை ஏற்கவோ 2011 ஆனது! கலப்பதா கூடாதா என்பதைவிட, எதற்காக, எதோடு, அதன்பின் என்ன என்பதே கேள்வி. நம் நாட்டில் 2017-இன் நாய் வளர்ப்பு விதிகள், பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. மீதியை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். குட்டி வாங்கப் போனால், அதைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள்.