முழுப் பரீட்சை முடிந்த மறுநாள்

கடைசிப் பரீட்சை முடிந்து மணி அடித்ததும் பள்ளி வாசலில் எழும் இரைச்சல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு, பரீட்சை அட்டையை விசிறியபடி பிள்ளைகள் தெருவில் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் காட்சி ஏப்ரல் பின்பாதியில் நடக்கும். ஜூன் தொடக்கத்தில் திரும்ப வகுப்பு. வெயில் தணியாவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். 2024-ல் ஜூன் 10 வரை போனது.

இந்த ஐந்தாறு வாரத்தைப் பற்றிப் பெற்றோர் பேச்சில் இரண்டு கவலைகள் அடிபடும். எந்தக் கோடை முகாமில் சேர்ப்பது, கையிலிருந்து செல்போனை எப்படிப் பிடுங்குவது. எனக்கு இரண்டும் பிறகுதான். பள்ளிக்கூடம் பாடம் மட்டுமா சொல்லித் தருகிறது? குறித்த நேரத்துக்கு எழ வைக்கிறது, சோறு போடுகிறது, உச்சி வெயிலில் கூரைக்குக் கீழே உட்கார வைக்கிறது, வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று தினமும் பேர் சொல்லி விசாரிக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் அத்தனையும் நின்றுபோகிறது. இதில் எதை யார் எடுத்துச் செய்வது என்று ஏப்ரலிலேயே பேசி வைத்துவிட்டால், விடுமுறைக்குப் பாதி தயாராகிவிட்டோம்.

முதலில் சோறு. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. இன்று அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது, மதியம் சோற்றோடு முட்டை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஏழு மணிக்கெல்லாம் அடுப்பு அணைந்துவிடும். மே மாதத்தில் அந்த வீட்டுப் பிள்ளை பதினொரு மணிக்குப் பசியோடு பெட்டிக்கடையில் போய் நிற்கிறது, ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்காக. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. வறட்சி அறிவிக்காத ஊர்ப் பிள்ளைக்கும் மே மாதத்தில் பசிக்கத்தானே செய்யும்? சத்துணவு மையத்தின் கதவு கோடையிலும் திறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை வீட்டில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முட்டையும் நிலக்கடலையும் முருங்கைக்கீரையும் மே மாதச் செலவுக் கணக்கில் முதலில் வரட்டும். காலையில் ஒரு சொம்பு கம்பங்கூழோ கேப்பைக்கூழோ மோர் கரைத்து மூடி வைத்துவிட்டுப் போனால், அது மதியம் வரை தாங்கும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே இப்போது மணி அடிக்கிறார்கள். வீட்டில் அந்த மணியை யாராவது அடிக்க வேண்டும், பாட்டியாக இருந்தாலும் சரி. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே விளையாட்டு வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் கலக்கினால் அளவு கெட்டுவிடும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நான் உண்மையில் பேச வந்தது வேறொன்றை. ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் ஒரே செய்தி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது: விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த சிறுவர்கள் குளிக்கப் போய் மூழ்கினார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியில் ‘உறவினர் வீட்டுக்கு வந்த’ என்ற சொற்களைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்த் தண்ணீர் தெரியும். வந்த பிள்ளைக்குத் தெரியாது. ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பான், அடுத்த அடி மணல் அள்ளிய குழி. ஏரியில் மண் எடுத்த பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கைவிட்ட கல்குவாரியில் கரையே கிடையாது, செங்குத்தான பாறைதான். விழுந்தவன் பிடித்து ஏற ஒரு படி இருக்காது. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை இன்னும் மோசம். ஆழம் அதிகமில்லாவிட்டாலும் பாய் வழுக்கும், ஏற ஏறச் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மூழ்குகிறவன் சினிமாவில் வருவது போலக் கத்த மாட்டான். வாய் தண்ணீருக்கு மேல் வருவதும் போவதுமாக இருக்கும். மூச்சு இழுக்கவே நேரம் போதாது, கூப்பிட ஏது? பக்கத்தில் குளிப்பவருக்கு அவன் விளையாடுவதாகத் தோன்றும். விஷயம் புரிந்ததும் நண்பன் குதிப்பான். பயத்தில் இருப்பவன் கிடைத்ததை இறுகக் கட்டிப்பிடிப்பான். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே போனார்கள் என்ற செய்திகளுக்குக் காரணம் இதுதான். ஆகவே முதல் பாடம்: குதிக்காதே, எறி. துப்பட்டா, வேட்டி, கயிறு, நீண்ட கம்பு, மூடி போட்ட காலி கேன், எது கிடைக்கிறதோ அது. கரையில் படுத்துக்கொண்டு எறி. கத்திப் பெரியவர்களைக் கூப்பிடு.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊரில் செய்கிற வேலைகளும் கவலை தருபவை. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்கிறார்கள். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று ஒரு வாட்ஸப் செய்தி வருடா வருடம் சுற்றுகிறது. எதிலும் பலனில்லை, பொன்னான நிமிடங்கள்தான் போகின்றன. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், மார்பை அழுத்த வேண்டும், 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. இதை ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம். ஏப்ரலில் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ தீயணைப்பு நிலையத்திலிருந்தோ ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொன்னால் போதும்.

தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று அதட்டுவது மட்டும் போதாது. போவார்கள், நாமும் போனோம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பாகக் காப்பாற்றும் முறையும் சொல்லித்தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடை கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததை ஆய்வில் கண்டார்கள். மூங்கிலும் குளமும் பொறுமையுள்ள ஒரு ஆளும் நம்மிடம் இல்லையா?

நான் பழகியது மாமாவின் தோட்டத்துக் கிணற்றில், எட்டு வயதில். முதுகில் இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கட்டி, இடுப்பில் கயிறு மாட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள் ஒரு குடுக்கை போனது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நடுக்கிணற்றில் கை வீசிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால் இன்னொரு குடுக்கையும் கயிறும் படியில் அவர் பக்கத்தில் கிடந்தன. அந்த ஒரு கணம் தந்த தைரியத்தை எந்தப் பரீட்சையும் எனக்குத் தந்ததில்லை. பயனுள்ள விடுமுறை என்று யாராவது சொன்னால் அந்தக் குடுக்கைதான் நினைவுக்கு வருகிறது.

வேலை பற்றியும் பேச வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016-ல் திருத்திய சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறது, ஆபத்தான தொழில் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்பாவின் இட்லிக் கடையில் கல்லாவில் உட்காருவது வேறு, மில்லுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது வேறு. பத்தாம் வகுப்பு முடித்த பையன் ‘ரெண்டு மாசம் சும்மாதானே’ என்று துணிக்கடைக்கோ பந்தி பரிமாறவோ போகிறான். கையில் காசு புரளத் தொடங்கியதும் சிலர் ஜூனில் திரும்புவதில்லை. வகுப்பு ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர்கள் ஏப்ரலிலேயே தெரியும். மே நடுவில் அந்த வீடுகளுக்கு ஒரு போன் போட்டால் சில பேர் திரும்பி வருவார்கள். மிரட்டி வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

படிப்பைப் பற்றி அவ்வளவு பதற வேண்டாம். நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் மறப்பதைப் பற்றி அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழு 1996-ல் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு பின்னுக்குப் போவதாகவும், கணக்கில்தான் இழப்பு அதிகம் என்றும் சொன்னது. அதற்கு டியூஷன் தேவையில்லை. மளிகைச் சீட்டையும் ஐந்நூறு ரூபாயையும் கையில் கொடுத்து, மீதிக்கு வந்து கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். வாசிப்புக்குக் கிளை நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதலில் 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். பிள்ளையின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை எடுத்து, புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். சித்திரக்கதையை எடுத்தால் எடுக்கட்டும்.

செல்போனும் அப்படித்தான். பிடுங்குவதைவிட, காலை எட்டரை வரையும் மாலை நாலரைக்கு மேலும் வெளியே கூட்டாளிகள் கிடைக்கச் செய்வது பலன் தரும். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருக்க வைத்தார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த கிட்டப்பார்வை இறங்கத் தொடங்கியது.

இதில் எதையுமே பாதிப் பிள்ளைகளுக்கு நாம் தருவதில்லை. விடுமுறை வந்தால் பையன் கிணற்றுக்கு, பெண் அடுப்படிக்கு. தம்பியைப் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் பிடிப்பதும் அவள் பங்கு. மாமாவின் கிணற்றில் நாங்கள் ஆறு பையன்கள் குதித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மேட்டில் எங்கள் சட்டைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு குடுக்கை கட்டலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் ஆற்றில் கணுக்காலுக்கு மேல் இறங்க மாட்டாள். இந்த ஏப்ரலில் தன் பேத்தியை நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டிருக்கிறாள். காலை ஆறு மணி வகுப்பு. ஐந்தரைக்கே போய், துண்டை மடியில் வைத்துக்கொண்டு, படியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறாள்.