மூன்று நிமிடத்தில் ஓர் ஊர்

அமெரிக்க எழுத்தாளர் கிளென் கர்ட்ஸ் 2009இல் புளோரிடாவில், பெற்றோர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய படச்சுருளைக் கண்டெடுத்தார். 1938இல் அவருடைய தாத்தா ஐரோப்பியப் பயணத்தின்போது 16 மி.மீ. கேமராவில் எடுத்த படம் அது. அதில் மூன்று நிமிடம் மட்டும் போலந்திலுள்ள ஒரு சிற்றூர். கேமராவின் முன்னால் சிறுவர்கள் முண்டியடிக்கிறார்கள். ஒலி இல்லை, யாருடைய பெயரும் இல்லை.

இத்தகைய வீட்டுப் படங்களின் காலத்தை அறிய, ஆய்வாளர்கள் ஃபிலிமின் ஓரத்தைப் பார்ப்பார்கள். தயாரித்த ஆண்டைக் குறிக்க கோடாக் நிறுவனம் அங்கே வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளைப் பதித்தது. ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பவும் வரும். 1918, 1938, 1958 ஆகியவற்றில் எது? 16 மி.மீ. ஃபிலிமே 1923இல்தான் வந்தது என்பதால் 1918 அடிபட்டுப்போகும். மற்ற இரண்டில் எது என்பதை உடைகளும் வண்டிகளும் காட்டிக்கொடுக்கும். அப்போதும் தெரிவது ஃபிலிம் தயாரான ஆண்டுதான். படம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூட எடுக்கப்பட்டிருக்கலாம்.

காலமும் சும்மா இருப்பதில்லை. வெப்பமும் ஈரமும் பட்டால் அசிட்டேட் ஃபிலிம் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். கர்ட்ஸின் சுருளும் சுருங்கிச் சிதைந்திருந்தது. வாஷிங்டனிலுள்ள ஹாலகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் அதை மீட்டு இணையத்தில் வெளியிட்டது.

ஊர் நசியெல்ஸ்க் என்று தெரியவந்தது. பிறகு ஒரு பெண் அந்தப் படத்தில் 13 வயதுச் சிறுவனாகத் தன் தாத்தாவையே அடையாளம் கண்டார். அவர் உயிரோடு இருந்தார்! மற்றவர்கள் வெறும் கூட்டத்தைப் பார்த்த இடத்தில் அவர் தோழர்களைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியை வைத்தே எந்தச் சிறுவன் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று அவரால் சொல்ல முடிந்தது. மங்கலான கடைப் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்து, அது மளிகைக் கடை என்று கண்டுபிடித்தார்கள். சட்டைப் பொத்தான்கூட, ஊரில் பொத்தான் ஆலை இருந்த கதைக்கு இட்டுச்சென்றது. படமெடுத்தவர் இவற்றில் எதையும் குறிவைக்கவில்லை. தற்செயலாகப் பதிந்தவைதான் சாட்சிகளாயின.

நசியெல்ஸ்கில் வாழ்ந்த சுமார் 3,000 யூதர்களில் இரண்டாம் உலகப் போரைத் தாண்டிப் பிழைத்தவர்கள் 100 பேருக்கும் குறைவு. படத்தில் தெரியும் சுமார் 150 முகங்களில் பெயர் கிடைத்தவை மிகச் சிலவே. கேட்பதற்கு ஆள் இல்லாததே காரணம். எனவே பழைய சுருள் கையில் கிடைத்தால் டிஜிட்டலாக்குவதோடு நின்றுவிடக் கூடாது. அந்த முகங்களை அறிந்தவர் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பார்த்து, பெயர்களை எழுதிவைக்க வேண்டும்.