ரோபோ கால்பந்து: சித்தூரிலிருந்து எவ்வளவு தூரம்?

சாம்பியன்களின் சாஃப்ட்வேர் இலவசம். கம்ப்யூட்டர்களுக்கும் பஞ்சமில்லை. சர்வதேசக் களத்தில் இறங்க நமது கல்லூரி அணிகளுக்குக் குறைவது வேறொன்று.

பச்சைக் கம்பளம். நடுவே ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்து. சின்ன எவர்சில்வர் தூக்கு அளவே உள்ள ஆறு ரோபோக்கள் அதை நோக்கிச் சீறுகின்றன. எதிரணியிலும் ஆறு. ஒன்று பந்தைத் தள்ளிவிட, இன்னொன்று காலி இடம் பார்த்து ஓட, கண்ணிமைப்பதற்குள் கோல். கோட்டுக்கு வெளியே நிற்கும் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ரிமோட் கிடையாது. 'இங்கே போ, அங்கே உதை' என்று யாரும் கட்டளை தரக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் முடிவுகளை எடுப்பது இயந்திரங்கள் மட்டுமே.

இது ரோபோகப் போட்டியின் சிறிய ரோபோக்களுக்கான பிரிவு. ஜெர்மனி, சீனா, ஜப்பான், பிரேசில் நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுதோறும் மோதும் களம். இதில் சித்தூர், திருப்பதி பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் இறங்க முடியுமா? முடியும் என்பதே பதில். ஆனால் எப்படி என்பதில்தான் நமது இன்ஜினியரிங் படிப்பின் ஒரு பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வருகிறது.

கதை தொண்ணூறுகளில் தொடங்குகிறது. தென்கொரியாவின் கைஸ்ட் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜோங்-ஹ்வான் கிம், 1996இல் தேஜான் நகரில் முதல் சர்வதேச ரோபோ கால்பந்துப் போட்டியை நடத்தினார். ஒவ்வொரு பக்கமும் 7.5 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டிகள்தான் ஆட்டக்காரர்கள். அந்த முயற்சியே ஃபிரா என்ற சர்வதேசச் சம்மேளனமாக வளர்ந்தது. 1997 ஆகஸ்டில் ஜப்பானின் நகோயா நகரில் முதல் ரோபோகப் நடந்தது. 40 அணிகளுக்கு மேல் கலந்துகொள்ள, 5,000 பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம்தான் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கம்ப்யூட்டர், சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்தியது. இயந்திரம் மூளையை வென்றுவிட்டது என்று உலகமே பேசியது. ஆனால் மூன்று மாதம் கழித்து நகோயாவில் ரோபோக்கள் பந்தைத் தேடித் திணறின. கிராண்ட்மாஸ்டர் செய்வதைவிடத் தெருவில் பந்து உதைக்கும் பையன் செய்வது கடினம் என்ற உண்மை அங்கே அம்பலமானது.

காரணம் எளிது. சதுரங்கத்தில் காய்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. எதிராளி யோசிக்கும் வரை பலகை அசையாது. கால்பந்தில் எதுவும் நிற்பதில்லை. சிறிய ரோபோ பிரிவில் களத்துக்கு மேலே தொங்கும் கேமராக்கள் படம் எடுத்து அனுப்ப, கம்ப்யூட்டர் அதைப் படித்து, யோசித்து, வயர்லெஸ்ஸில் கட்டளை அனுப்புகிறது. இந்தச் சுற்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ அதற்குள் 30 செ.மீ. நகர்ந்துவிடும். அதன் அகலமே 18 செ.மீ.தான். ஆக, கம்ப்யூட்டர் பார்க்கும் இடத்தில் ரோபோ இல்லை! அது இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். இதோடு சக்கரம் வழுக்கும், பேட்டரி இறங்கும், அரங்கத்தின் விளக்கு வெளிச்சம் மாறினால் ஆரஞ்சு நிறம் வேறு நிறமாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த வில்லங்கங்களைச் சமாளிக்கத் தெரிந்த அணியே கோப்பைக்குப் பக்கத்தில் போகிறது.

இந்தியர்களுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 1997 நகோயா போட்டியின் சிமுலேஷன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த ஐசிஸ் அணிக்குப் பின்னால் இருந்தவர் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மிலிந்த் தாம்பே. பிலானியின் பிட்ஸ் கல்லூரியில் படித்தவர். அதே பிட்ஸ் மாணவர்கள் பின்னாளில் அச்யுத் என்ற இரண்டு கால் ரோபோவை உருவாக்கி, ரோபோகப் மனித வடிவ ரோபோக்கள் பிரிவை நோக்கி உழைத்தார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களின் கேஜிபி கப்ஸ் அணியும் ரோபோகப் களம் கண்டிருக்கிறது. 2010 செப்டம்பரில் ஃபிரா உலகக் கோப்பையே பெங்களூருக்கு வந்தது. சித்தூரிலிருந்து சுமார் 180 கி.மீ.; காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

சித்தூர் வட்டாரத்தையும் சாதாரணமாக எடைபோட முடியாது. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954இலிருந்தே இயங்குகிறது. ஸ்ரீசிட்டியில் 2013இல் ஐ.ஐ.ஐ.டி.யும், திருப்பதியில் 2015இல் ஐ.ஐ.டி.யும் வந்தன. 2022இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமானபோது, ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதன் எல்லைக்குள் வந்தது. தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளும் நிறைய. வகுப்பறையில் ஆங்கிலம், கேன்டீனில் தெலுங்கு, தமிழ் என்று கலந்து பேசும் பிள்ளைகள். திறமைக்குக் குறைவில்லை.

அப்படியானால் தடை பணமா? ஓரளவு ஆமாம். ஒரு சிறிய ரோபோவுக்கே நான்கு சக்கரங்கள், நான்கு மோட்டார்கள், பந்தை உதைக்க மின்காந்த விசை, சர்க்யூட் போர்டுகள், பேட்டரி வேண்டும். அப்படி ஆறு செய்ய வேண்டும், உதிரிக்கு இரண்டு. பிறகு விமான டிக்கெட், விசா. மாவட்டத் தலைநகர் கல்லூரி ஒன்று இதைக் கேட்டாலே மிரளும்.

ஆனால் ரோபோ செய்யும் செலவே இல்லாத வாசல் ஒன்று முதல் ரோபோகப்பிலிருந்தே திறந்திருக்கிறது. அதுதான் சிமுலேஷன். அங்கே மைதானம், பந்து, 22 ஆட்டக்காரர்கள் எல்லாமே கம்ப்யூட்டருக்குள். விளையாட்டுப் பிள்ளைகளின் வீடியோ கேம் என்று நினைத்துவிட வேண்டாம். 2டி பிரிவில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தனித்தனி புரோகிராம். ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் நடப்பது கண்ணில் படாது. கிடைக்கும் தகவலிலும் வேண்டுமென்றே பிழை கலக்கப்படுகிறது. பத்து நிமிட ஆட்டம் 6,000 துண்டுகளாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே உண்டு.

இதற்கான மைதான சாஃப்ட்வேர் இலவசம். பலமுறை சாம்பியனான ஜப்பானின் ஹீலியோஸ் அணி, தனது புரோகிராமின் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறது. ரோபோ செய்யும் அணிகளில் ஜெர்மனியின் டைகர்ஸ் மன்ஹைம் போன்றவை தங்கள் வடிவமைப்பையே வெளியிட்டுவிட்டன. ஜெயித்தவர் தொழில் ரகசியத்தைத் தோற்றவர் கையில் கொடுக்கும் விநோதமான விளையாட்டு இது. எனவே சித்தூர் மாணவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கல்லூரி லேபில் உள்ள சாதாரண கம்ப்யூட்டர்களே போதும்.

பிறகு ஏன் இத்தகைய கல்லூரிகளிலிருந்து அணிகள் கிளம்புவது அபூர்வமாக இருக்கிறது? பதில் நமது 'கடைசி ஆண்டு புராஜெக்ட்' என்ற சடங்கில் இருக்கிறது. ஏழாவது செமஸ்டரில் தலைப்பு, எட்டாவதில் அறிக்கை, கறுப்பு பைண்டிங், வைவா. அத்தோடு முடிந்தது. மாணவர் வேலைக்குப் போகிறார். அவர் எழுதிய புரோகிராம் பழைய பென் டிரைவில் உறங்குகிறது. அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே வேலையை முதலிலிருந்து தொடங்குகிறார். கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் ரெடிமேட் புராஜெக்ட் விற்கும் கடைகள் செழிப்பது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் தொடரப் போவதில்லை என்று தெரிந்த வேலையைச் சொந்தமாகச் செய்தால் என்ன, வாங்கினால் என்ன?

ரோபோ கால்பந்து இந்தச் சடங்குக்கு நேரெதிர். ஒரே ஆண்டில் உருவாகும் அணி எங்கும் கிடையாது. இன்றே ஒரு சித்தூர் அணி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு, கிடைத்த புரோகிராமை ஓட வைப்பதற்கே நாக்குத் தள்ளும். பயிற்சி ஆட்டங்களில் பத்துப் பதினைந்து கோல் வாங்குவார்கள். இரண்டாம் ஆண்டு, பாஸ் கொடுப்பது என்ற ஒரே விஷயத்தைத் திருத்துவார்கள். மூன்றாம் ஆண்டு, தற்காப்பு. அதற்குள் தொடங்கியவர்கள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருந்தால் அணி பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் பதினைந்து கோல்.

ரோபோகப் அமைப்பாளர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். கலந்துகொள்ள விரும்பும் அணி, தான் செய்ததை ஒரு கட்டுரையாக எழுதித் தர வேண்டும். என்ன புதிதாகச் செய்தோம், எப்படிச் செய்தோம், எவ்வளவு பலன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பல பிரிவுகளில் தகுதி பெறுவதே இதை வைத்துத்தான். அந்தக் கட்டுரை நடுவர்களுக்கு மட்டுமல்ல, அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கும் எழுதப்படும் கடிதம். கரக்பூரில் ரோபோ கால்பந்து ஒருவரின் புராஜெக்டாக அல்ல, ஒரு மாணவர் குழுவாக நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அணி சிறிய ரோபோ பிரிவில் நான்கு முறை சாம்பியன். அதை வழிநடத்திய ரஃபயெல்லோ டி'ஆண்ட்ரியா, பிறகு கிவா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கிடங்குகளில் அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மோதாமல் ஓடும் ரோபோக்களை அது தயாரித்தது. 2012இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. பல ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓட்டும் வித்தை, கம்பளத்தின் மீது பந்து துரத்தியபோது கைவந்தது.

ரோபோகப் அமைப்பாளர்களின் கனவு பெரிது. 2050க்குள் முழுக்கத் தானே இயங்கும் மனித வடிவ ரோபோ அணி, ஃபிஃபா விதிகளின்படி ஆடி, மனிதர்களின் உலகச் சாம்பியனைத் தோற்கடிக்க வேண்டும். நடக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இன்று சித்தூரில் முதலாண்டு படிக்கும் மாணவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். அந்த ஆட்டத்தை டி.வி.யில் பார்ப்பாரா, கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா என்பது, இந்த ஆண்டு அவருடைய சீனியர் எதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதைப் பொறுத்தது.