நகத்தளவு இடத்தில் ஆறு குவிண்டால்: ஆழ்கடல் பிராணிகள் தாங்குவது எப்படி?

டில்லிவாசிகள் கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தியாவின் ஆழ்கடல் காரியங்கள் முடிவாகும் இடம் லோதி ரோடில் இருக்கிறது. அங்குள்ள பிருத்வி பவன்தான் புவி அறிவியல் அமைச்சகத்தின் தலைமையகம். அந்த அமைச்சகத்தின் ஆழ்கடல் திட்டத்துக்கு 2021 ஜூன் மாதம் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு 4,077 கோடி ரூபாய்.

இதன்படி, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தைச் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்தது. ஆட்கள் அமரும் இடம் டைட்டேனியம் உலோகத்தாலான ஓர் உருண்டை. அதன் சுவரின் கனம் 80 மில்லிமீட்டர்.

ஏன் இத்தனை கனம்? கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ பாரம் கூடுகிறது. 6,000 மீட்டரில் விரல் நகத்தளவு இடத்தின் மேல் 600 கிலோ, அதாவது ஆறு குவிண்டால் அழுத்துகிறது. அங்கேயும் மீன்களும் கடல் வெள்ளரிகளும் சாவகாசமாக வாழ்கின்றன. எப்படி?

காற்றே பலவீனம்

மனிதனுக்குப் பலவீனம் அவன் நெஞ்சிலுள்ள காற்று. தூத்துக்குடியில் 1961 வரை முத்துக் குளித்தவர்கள் கல்லின் துணையோடு மூச்சடக்கி இறங்கினார்கள். 20 மீட்டர் ஆழத்திலேயே நுரையீரல் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தண்ணீர் அவ்வளவு எளிதில் சுருங்காது. ஆழ்கடல் மீனின் உடல் பெரும்பாலும் தண்ணீர்தான். பல மீன்களுக்குக் காற்றுப் பையே கிடையாது. உள்ளும் புறமும் ஒரே அழுத்தமாக இருப்பதால் அவை நசுங்குவதில்லை.

எனினும் உடம்பிலுள்ள புரதங்களை அழுத்தம் சிதைக்கும். அதைத் தடுப்பது டி.எம்.ஏ.ஓ. என்ற ரசாயனப் பொருள். ஆழம் கூடக்கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடுகிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடல் மீன் வாங்கும்போது மூக்கைத் துளைக்கும் வாடை, மீன் செத்தபின் இந்தப் பொருள் சிதைவதால் உண்டாவதே! இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022-ல் ஜப்பானுக்கு அப்பால் 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தை மீன் படம் பிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 8,400 மீட்டருக்குக் கீழே மீன் வாழ இயலாது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இருளும் பசியும்

200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்குகிறது; 1,000 மீட்டருக்குக் கீழே காரிருள். தண்ணீரில் சிவப்பு ஒளிதான் முதலில் மறையும். எனவே சிவப்பு நிற இறால் அங்கே கறுப்பாகி எதிரியின் கண்ணுக்குத் தப்புகிறது. அரபிக் கடலில் வயிற்றில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு மீன்கள் உண்டு. அவை பகலில் பிராணவாயு குறைந்த அடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் மேலே வந்து இரை தேடுகின்றன.

இன்னும் ஆழத்தில், மேலிருந்து உதிரும் செத்த உயிர்களின் துணுக்குகளே முக்கிய உணவு. குளிரும் கடுமை. ஆகவே அங்குள்ள பல பிராணிகள் குறைவாக உண்டு, மெல்ல வளர்ந்து, நெடுநாள் வாழ்கின்றன.

அழியாத உழவுத் தடம்

இந்த நிதானமே அவற்றுக்கு ஆபத்தாகலாம். இந்தியப் பெருங்கடலின் மத்தியப் பகுதியில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிக்கல், தாமிரம், கோபால்ட், மாங்கனீஸ் கலந்த உருண்டைகளை ஆராயும் உரிமையை இந்தியா பெற்றது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரும் அந்த உருண்டைகளின் மேல் ஒட்டி வாழும் உயிர்கள் உண்டு.

1989-ல் பெரு நாட்டுக்கு அப்பால் ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைக்காகக் கடல் தளத்தை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து 2015-ல் போய்ப் பார்த்தபோது உழவுத் தடம் அப்படியே இருந்தது. பல உயிரினங்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

உலோகம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் அழுத்தத்துக்கும் இருளுக்கும் பழகிய பிராணிகள் கலப்பைக்குப் பழகியவை அல்ல. 'மத்ஸ்யா' இறங்கும்போது உலோகக் கணக்கோடு உயிர்க் கணக்கையும் எடுத்து வரவேண்டும். தோண்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு லோதி ரோடில் முடிவு செய்யலாம்.