உங்க வீட்டு கேமரா எங்கே பார்க்குது?



எங்க அக்கா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் போய் வருவாள். ஒரு சனிக்கிழமை வேலூர் ரோட்டில் ஒரு கடை ஓரமாக சைக்கிளை நிறுத்திவிட்டு டியூஷனுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. அப்புறம் வீட்டில் நடந்த திட்டு, அழுகை எல்லாம் இங்கே வேண்டாம். அப்பா அந்தக் கடையில் போய்க் கேட்டார். "எங்க கேமரா கல்லாவத்தாங்க பார்க்குது"ன்னு சொல்லிட்டாங்க. பக்கத்தில் கேட்டோம், எதிரில் கேட்டோம். யாருடைய கேமரா ரோட்டைப் பார்க்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. ரெண்டு வாரம் கழித்துதான், சந்து முனையில் ஒரு மாடி வீட்டு கேமரா சரியாக அந்த இடத்தையே பார்க்கிறது என்று தெரிந்தது. ஓடினோம். அந்த வீட்டு மாமா உடனே டி.வி.யில் போட்டுக் காட்டினார். ஆனா அந்தச் சனிக்கிழமை மட்டும் அதில் இல்லை. அழிஞ்சு போச்சு.

யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமரா ஒரு நொடிக்கு 2 மெகாபிட் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். பெருக்கினால் 21,600 மெகாபைட், அதாவது 21.6 ஜி.பி. நாலு கேமரா இருந்தால் ஒரு நாளைக்கு 86.4 ஜி.பி. ஆகும். பெட்டிக்குள் இருக்கிற ஹார்டு டிஸ்க் ஒரு டி.பி., அதாவது 1,000 ஜி.பி. வகுத்துப் பாருங்க, பதினோரு நாள் சொச்சம்தான் வரும். அது நிரம்பினதும் பழைய நாளின் மேலேயே புது நாள் எழுதப்படும், சிலேட்டை அழித்து எழுதுவதைப்போல. நாங்க போனது பதினைந்தாவது நாள்.

இந்த மாதிரி நாள் வீணாகக் கூடாது என்றுதான் "கேமரா பதிவேடு" என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டிலோ கடையிலோ கேமரா வைத்திருப்பவர் தானாக முன்வந்து தன் பெயர், போன் நம்பர், கேமரா இருக்கிற இடம் ஆகியவற்றை போலீஸில் பதிந்து வைப்பார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் போலீஸ் 2011-ல் இப்படி ஒன்றை ஆரம்பித்தது. நம்ம பக்கத்து மாநிலத்தில் பெங்களூரு போலீஸும் தனியார் கேமராக்களை இணையதளத்தில் பதியச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொண்டது. சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது "மூன்றாவது கண்" என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் வைக்கச் சொன்னார்கள். ஆனால் கேமரா வைப்பது வேறு, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் எங்களைப் போல வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

பதிந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டே நம்ம வாசலைப் பார்ப்பாங்களா? எங்க பாட்டி முதலில் கேட்டது இதைத்தான். பிலடெல்பியா மாதிரிப் பதிவேட்டில் அப்படிக் கிடையாது. அது ஒரு முகவரிப் புத்தகம் மாதிரி. அந்தப் பக்கம் ஏதாவது குற்றம் நடந்தால்தான் போன் செய்து "இந்த நாள், இந்த நேரப் பதிவு வேண்டும்" என்று கேட்பார்கள். பாஸ்வேர்டு கொடுக்கத் தேவையே இல்லை. யாராவது பாஸ்வேர்டு கேட்டால் அது பதிவேடு இல்லை, வேறு ஏதோ என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதிவு எவ்வளவு உதவும் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2023 பிப்ரவரி 12 விடியற்காலையில் திருவண்ணாமலை, கலசப்பாக்கம், போளூர் என்று நாலு ஏ.டி.எம்.களை கேஸ் வெல்டிங்கால் அறுத்து சுமார் 73 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு போனார்கள். தடயம் இருக்கக் கூடாது என்று தீயும் வைத்துவிட்டார்கள். ஆனால் வழியில் இருந்த கேமராக்களை எரிக்க முடியுமா? போலீஸார் ரோட்டோரப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வண்டி போன திசையைப் பிடித்து, கர்நாடகம் வரை போய், ஒரு வாரத்துக்குள் ஹரியானாவில் இரண்டு பேரைக் கைது செய்தார்கள்.

கொடுக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. வெறுமனே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் கோர்ட்டில் நிற்காது. எந்தப் பெட்டியிலிருந்து எப்படி எடுத்தது என்று ஒரு சான்று வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 63-வது பிரிவில் இது இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நம்ம பதிவைப் போலீஸ் கேட்கிற மாதிரி, போலீஸ் ஸ்டேஷன் பதிவையும் கேட்க வேண்டிய நாள் வரும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு அப்பாவும் மகனும் இறந்துபோன வழக்கில், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லா போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சைக்கிள் போன கோபத்தில் நானும் அப்பாவும் எங்க தெருவில் நடந்து ஒரு பழைய நோட்டில் கேமராக்களை எழுதினோம். மொத்தம் பதினொன்று. ஏழு கேமரா சொந்த கேட்டை மட்டும் பார்க்கிறது. மூன்று தெருவைப் பார்க்கிறது. மிச்சம் ஒன்று எதிர் வீட்டுக் குழாயடியைப் பார்க்கிறது. அங்கேதான் அந்த வீட்டு அக்கா துணி துவைப்பாங்க, சாயங்காலம் தலை குளிப்பாங்க. அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அப்பா தீர்ப்பையெல்லாம் எடுக்கவில்லை. "அண்ணே, பொம்பளைங்க பொழங்கற எடம்ணே"ன்னு மட்டும் சொன்னார். அவருக்கு அதுவரை தெரியவே தெரியாதாம். வெட்கப்பட்டு, ஸ்டூல் போட்டு ஏறி அப்பவே திருப்பிட்டார். இப்போது அது தெருமுனையைப் பார்க்கிறது.

மளிகைக் கடை கேமராவில் கடிகாரம் 40 நிமிஷம் முன்னாடி ஓடிச்சு. "ஆறு மணிக்கு எடுத்தான்"னு சொன்னா, அதில் ஆறே முக்காலுக்குக் கிட்ட தேடணும். நாங்க சொன்னதும் கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே சரி பண்ணினார். சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. நோட்டு எங்க வீட்டு அலமாரியில் இருக்கிறது. உங்க தெருவுக்கும் எழுதணும்னா சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்.