சாம் மணல்மேட்டில் ஒரு பிற்பகல்

ஜெய்சால்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சாம் என்னும் சிற்றூரை ஒட்டி மணல்மேடுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. குளிர்காலத்தில் செல்லும் நம் குடும்பத்தினர் பிற்பகல் 3 மணிக்கு நகரைவிட்டுப் புறப்பட்டால் போதும். அங்கே ஜீப்புகள் மணற்சரிவில் ஏறிப் பாய்கின்றன. குழந்தைகள் கூவி மகிழ்வர். முதியோருக்கு முதுகுவலிதான் மிச்சம்.

ஒட்டகச் சவாரியே என் சிபாரிசு. ஒட்டகம் எழும்போது பின்கால்களை முதலில் நிமிர்த்தும். ஆகையால் பின்புறம் சாய்ந்து, சேணத்தை இறுகப் பற்றிக்கொள்ளல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் 4 லட்சமாயிருந்த ஒட்டகங்கள் 2019இல் 2½ லட்சமாகக் குறைந்துவிட்டன. உழவுக்கும் பாரத்திற்கும் டிராக்டரும் லாரியும் வந்துவிட்டபின், ஒட்டகத்தைத் தீனியிட்டுக் காப்பவனுக்குச் சவாரிக் கூலி பெருந்துணை. கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்க. ஆயினும், ஜீப்புக்குத் தயங்காது கொடுத்துவிட்டு ஒட்டகக்காரனிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது அழகன்று.

இரவில் கூடாரத்தின்முன் கம்பு ரொட்டியும் ‘கேர் சாங்ரி’க் கறியும் பரிமாறுவர். கேர் ஒரு முட்புதரின் சிறுகாய். சாங்ரியோ, விருத்தாசலம் கோயிலில் தலமரமாய் விளங்கும் நம் வன்னியின் காயே! உலர்ந்த காயை ஊறவைத்து, மிளகாய் சேர்த்து எண்ணெயில் வதக்குகின்றனர். காரம் சற்று மிகுதி. மோர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.